வியாதிஸ்தர் பெயரை நேரலையில் வாசிக்காதீர்கள்: திருமண்டலத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும், லே செயலர், குருத்துவச் செயலர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகக் குழுவினருக்கும், ஸ்தோத்திரம்.

சென்ற மாதம் நம் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) ஒன்றின் ஞாயிறு ஆராதனையில் நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். விண்ணப்ப ஜெபத்தில் ஓர் இளம்பெண்ணின் பெயர், கணவர் பெயர், தெரு, எந்த மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுகிறார் என்பது வரை வாசிக்கப்பட்டது. யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாற்பது விநாடியை யாரோ வெட்டி எடுக்க, அன்று மாலைக்குள் அது அவர் வேலை செய்யும் இடத்து வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விட்டது. ஜெபக்குறிப்பை எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெண் அல்ல. அவரைக் கேட்டவரும் யாரும் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வியாதிஸ்தரின் பெயரும் வியாதியும் நேரலையில் போகக் கூடாது. பழைய பதிவுகளில் இருப்பவற்றையும் எடுத்துவிட வேண்டும். இதை எல்லாச் சேகரங்களுக்கும் திருமண்டலச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள்.

நேரலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேமராவுக்கும் ஒலி மிக்சருக்கும் பின்னால் நிற்கிறவர்களே நாங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆலயங்கள் பூட்டப்பட்டபோது உயிர்த்தெழுதலின் ஞாயிறைக்கூடக் கைபேசியில்தான் கொண்டாடினோம். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. எல்லா மதத்தாருக்கும் பொதுவான அரசு உத்தரவுதான். ஆனாலும் ஞாயிறை விட்டால் நமக்கு வேறு நாள் ஏது? தற்காலிகமாக வந்த நேரலை அப்போதுதான் நிலைத்தது. படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்கும், துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் இன்று அதுதான் ஆலயம். நல்லதுதான். ஆனால் கேமராவைக் கொண்டுவந்து வைத்தோமே தவிர, கேமராவுக்கு முன்னால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நானூறு பேர் மட்டும் கேட்ட காலத்தில் எழுதிய அதே ஜெபக்குறிப்பு நோட்டுதான் இன்றும் பீடத்துக்குப் போகிறது.

அந்த நோட்டில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். கர்ப்பம் கலைந்தவர். புற்றுநோயின் எந்தக் கட்டம் என்பது. குடியை விட முயல்கிற தகப்பன். மகளுக்கு வரன் அமையவில்லை என்ற கவலை, மகளின் வயதோடு. ஸ்தோத்திரக் காணிக்கையில் இன்னார் மகளுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சை பலித்ததற்காக இவ்வளவு ரூபாய். பயணம் செய்வோருக்கான ஜெபத்தில் இன்னார் குடும்பம் அடுத்த மாதம் வரை அமெரிக்காவில். பூட்டிய வீட்டின் விலாசத்தைத் திருடனுக்கும் சேர்த்தே அறிவிக்கிறோம். ஆலயத்துக்குள் சொன்னது சில வாரங்களில் மறந்துபோகும். யூடியூபில் ஏறியது மறக்காது. பெண் பார்க்க வருகிற வீட்டார் சேகரத்தின் சேனலைத் தேடிப் பார்க்கிற காலம் இது.

“அவர்களே கேட்டுத்தானே வாசிக்கிறோம்” என்று பதில் வரும். பெரும்பாலும் அவர்கள் கேட்பதில்லை. மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார், அன்பினால்தான் கேட்கிறார். அன்பு அனுமதி ஆகாது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரைப் பற்றி நம்பிச் சொல்லப்பட்டதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023இல் தனிச் சட்டமும் வந்தது. சட்டத்தை விடுங்கள். யவீருவின் இறந்துபோன மகளை எழுப்புமுன் ஆண்டவர் இயேசு கூட்டத்தை வெளியே அனுப்பினார்; தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மட்டுமே உள்ளே அழைத்தார். நாம் கூட்டத்தை உள்ளே அழைத்து, சேனலுக்குச் சந்தாவும் கேட்கிறோம்.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஆனால் “அந்த நேரத்தில் மைக்கை அணைத்துவிடுங்கள்” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. பல ஆலயங்களில் நேரலைக்கான ஒலி மிக்சரின் ஆக்ஸ் வழியாக, அதாவது ஆலய ஸ்பீக்கருக்குப் போவதிலிருந்து தனியே பிரிகிற பாதை வழியாகப் போகிறது. ஆக்ஸை ஃபேடருக்கு (ஒலியை ஏற்றி இறக்கும் நகர்த்திக்கு) முன்பிருந்தே எடுத்திருந்தால், ஃபேடரை இறக்கும்போது ஆலயத்துக்குள் சத்தம் நின்றுவிடும், நேரலையில் மட்டும் தெளிவாகக் கேட்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அந்த மைக்கின் ஆக்ஸ் குமிழைத் தனியே இறக்கினாலும் போதாது. பாடகர் குழுவின் மைக்குகளும் கேமராவிலேயே இருக்கும் மைக்கும் ஆலய ஸ்பீக்கரிலிருந்து வருகிற அதே பெயரைப் பிடித்து அனுப்பிவிடும்.

ஆகையால் வெட்டுகிற இடம் கணினியாக இருக்க வேண்டும். பெரும்பாலான சேகரங்களில் நேரலையை அனுப்ப ஓபிஎஸ் என்கிற மென்பொருள்தான் ஓடுகிறது. அதில் ‘விண்ணப்ப ஜெபம் நடைபெறுகிறது’ என்று எழுதிய படத்தோடு தனியாக ஒரு காட்சி (சீன்) உருவாக்கிக்கொள்ளலாம். தவறு நடப்பது இங்கேதான். ஒலிக்கருவியைப் பொது அமைப்புகளில் சேர்த்திருந்தால், எந்தக் காட்சிக்கு மாறினாலும் ஒலி போய்க்கொண்டே இருக்கும். திரையில் படம், பின்னணியில் நோயாளியின் பெயர். பொது அமைப்புகளில் இருக்கிற மைக்கை எடுத்துவிட்டு, ஆராதனைக் காட்சிகளுக்குள் மட்டும் ஒலி மூலமாகச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் காட்சி மாறியதும் ஒலி தானாக நிற்கும். திரும்பி வந்ததும் தானாக வரும். பிரசங்கம் பாதி ஊமையாகப் போகிற ஆபத்தும் இல்லை. சனிக்கிழமை மாலையில் ஒரு முறை, ஓபிஎஸ்ஸிலேயே பதிவுசெய்து கேட்டுச் சரிபார்த்தால் போதும்.

கைபேசியைத் தாங்கியில் வைத்து ஒளிபரப்புகிற கிராமச் சபைகளில் இதுவும் வேண்டாம். பெயர்களை ஆலயத்தின் முதல் மணி அடிப்பதற்கும் இரண்டாம் மணி அடிப்பதற்கும் இடையில் வாசித்து ஜெபித்துவிட்டு, அதன்பின் நேரலையைத் தொடங்கலாம். ஆராதனை முறைமையிலுள்ள பொது விண்ணப்பம் பெயரில்லாமல் அதன் இடத்திலேயே நடக்கட்டும்.

நேரலை முடிந்தபின் வெட்டிக்கொள்ளலாம் என்பது தாமதமான யோசனை. நேரலை ஓடும்போதே பார்ப்பவர் பின்னால் நகர்த்திப் பார்க்க முடியும். முடிந்ததும் காணொளி தானாகச் சேனலில் சேமிக்கப்படும். யூடியூப் ஸ்டுடியோவில் வெட்டிச் சேமித்தாலும், புதியது தயாராகும் வரை பழையதுதான் எல்லாருக்கும் தெரியும். சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். எனவே பழைய பதிவுகளைத் திருத்தும்போது முதலில் ‘தனிப்பட்டது’ என்று மாற்றி, வெட்டி, வெட்டியது வந்துவிட்டதா என்று பார்த்து, பிறகே திறக்க வேண்டும். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கலாம் என்ற அமைப்பை நம்பாதீர்கள்; அந்த இணைப்புதானே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அரட்டைப் பதிவையும் மறைக்க வேண்டும். “அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்ததா?” என்று எழுதியவை அதில் அப்படியே கிடக்கின்றன. ஃபேஸ்புக்கிலும் சேர்த்து ஓட்டுகிற சேகரங்கள் அங்கே இருக்கிற பிரதியைத் தனியே நீக்க வேண்டும். ஒன்றில் வெட்டினால் மற்றதில் வெட்டுப்படாது.

வாரம் ஒன்று என்றால் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 260 காணொளிகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 43 மணி நேரம். வாலிபர் ஐக்கியத்தில் நான்கு பேர் பிரித்துக்கொண்டால் முடிகிற வேலை. அதுவரை பழையவை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துத் ‘தனிப்பட்டது’ ஆக்கிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் சேனல் யார் கையில் இருக்கிறது? பல சேகரங்களில் 2020இல் அவசரத்துக்குத் தொடங்கிய வாலிபரின் சொந்த மின்னஞ்சலில்தான் இருக்கிறது. அவர் இப்போது வளைகுடாவில் இருக்கிறார். சேகரத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், குறைந்தது இரண்டு உரிமையாளர்கள், மற்றவர்களுக்கு அனுமதிப் பகுதி வழியாகப் பொறுப்பு என்று சுற்றறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெபக்குறிப்புச் சீட்டில் மூன்று கட்டங்கள் அச்சடிக்கலாம். குருவானவரும் ஜெபக்குழுவும் மட்டும்; ஆலயத்துக்குள் பெயர் மட்டும்; நேரலையிலும் சொல்லலாம். எதிலும் குறி இல்லாவிட்டால் முதலாவது என்று கொள்ள வேண்டும். கையெழுத்து வியாதிஸ்தருடையது, சிறுபிள்ளையானால் பெற்றோருடையது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜெபக்குறிப்பு வேண்டுமே என்றால், குடும்பத்தார் தொலைபேசியில் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு உலகம் முழுவதும் கேட்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ரகசியம் காப்பது நமக்குத் தெரியாத கலையல்ல. திருமண்டலத் தேர்தல் வாக்காளர் பட்டியலை எத்தனை பூட்டுப் போட்டு வைக்கிறோம்! சொத்துக் கணக்கைக் கேட்கிற சபையாருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதும் தெரிந்ததே. எல்இடி திரைக்கும், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையைப் படம்பிடிக்க டிரோனுக்கும் தீர்மானம் ஒரே கூட்டத்தில் நிறைவேறுகிறது. ‘காலத்துக்கேற்ற ஊழியம்’ என்று பலகை வைத்த கருத்தரங்குகளில் மதிய உணவு வரை பேசுவதெல்லாம் திரையின் அளவைப் பற்றித்தான். பட்டியலுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை நோயாளிக்குக் காட்டியிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்தலைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

வருகிற அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) முதல் ஞாயிற்றுக்கு முன் சுற்றறிக்கை வரும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறோம். வியாதிஸ்தரின் பெயரும் வியாதியும் நேரலையில் போகக் கூடாது. போனவற்றை எடுத்துவிட வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சேகரத்தின் சார்பில் யாராவது போய், கேமரா இல்லாமல், மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சேகரங்களுக்கு வந்து சொல்லிக்கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஒரு சேகரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். சேனலின் கடவுச்சொல் தெரிந்தவரை மட்டும் தவறாமல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேகரங்களின் மீடியா டீம்களில் பணிசெய்யும் சபையார்