சும்மாவா இருக்கிறார் அம்மா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெண்களின் வீட்டு உழைப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கணக்குத் தொடங்க அம்மாவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். படிவத்தை நிரப்பியவர் "என்னம்மா வேலை?" என்று கேட்டதும், அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார். அன்று காலை நாலரைக்கே எழுந்து, குழாயடியில் தண்ணீர் பிடித்து, இரண்டு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டி, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைத் துடைத்துப் புடவை மாற்றி, கிரைண்டரில் மாவை வழித்து வைத்துவிட்டு வந்தவர் அவர். முந்தானையில் அந்த மாவின் ஈரம்கூடக் காயவில்லை. அவருக்கே அது வேலையாகத் தெரியவில்லையே என்பதுதான் என்னை உலுக்கியது.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97கூட வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. நாலில் மூன்று ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அப்படிக் கை வைப்பவர்களும் "பொண்டாட்டிக்கு உதவி செய்றேன்" என்றுதான் சொல்கிறார்கள். தான் சாப்பிட்ட பாத்திரத்தைத் தான் கழுவுவது யாருக்குச் செய்யும் உதவி?

நீதிமன்றத்துக்கு இது புரிந்திருக்கிறது. சவுதியில் வேலை பார்த்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் அவரால் போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன செய்கிறது? வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்களை இன்றும் 'வேலை செய்யாதோர்' பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பிலாவது அதை மாற்ற வேண்டும், உங்களைப் போன்ற பத்திரிகைகள் விடாமல் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் பேசிப் பார்த்தேன். இருபத்தாறு வயதுத் தம்பியை, சாப்பிட்ட தட்டையாவது நீயே எடுத்துக் கழுவு என்றேன். அவன் எழுந்துவிட்டான், மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் தட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார், "விடுடி, ஆம்பளப் புள்ள."

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி