பான் நகரிலிருந்து மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

போன் போடும்போதெல்லாம் அக்கா கேட்பது, "ஏல, வேல நிரந்தரம் ஆயிட்டா?" என்பதுதான். பதிலை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. ஜெர்மனியில் ஆராய்ச்சியாளரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கச் சட்டமே கெடு வைத்திருக்கிறது: பிஎச்.டி.க்கு முன் 6 வருஷம், பின் 6 வருஷம். பிள்ளை பிறந்தால் கொஞ்சம் நீளும். அதற்குள் பேராசிரியர் இடம் பிடிக்க வேண்டும். வேலை பார்க்கும் பல்கலைக்கழகமே அதைத் தருவது அபூர்வம். அதனால் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பின் பார்க்கும் தற்காலிக ஆராய்ச்சி வேலை) என்றால் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுவதுதான்.

நீயும் டோபாலஜிக்கு, அதாவது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவக் குணங்களைப் படிக்கும் கணிதத்துக்கு வருவதானால், எம்.எஸ்சி.யில் படிக்கும் திறந்த கணம், காம்பாக்ட் போன்ற அடிப்படைகள் மட்டும் போதாது. வடிவத்தின் ஓட்டைகளை இயற்கணிதத்தால் கணக்கிடும் ஹோமாலஜி கைக்குப் பழக வேண்டும். பத்தமடைப் பாய் ஒன்றை நினைத்துக்கொள். எதிரெதிர் ஓரங்களை நேராக ஒட்டினால் டோரஸ், அதாவது உளுந்துவடையின் மேற்பரப்பு. ஒரு ஜோடியை மட்டும் திருப்பி ஒட்டினால் உள், வெளி என்று பிரிக்க முடியாத கிளைன் பாட்டில். ஒரு ஜோடி ஓரத்துக்கு அ, மற்றதற்கு ஆ என்று பெயரிட்டு, எதிர்த்திசையில் போனால் கழித்தல் போட்டு, ஓரத்தை ஒரு சுற்று எழுதிப் பார்: முன்னதற்கு அ+ஆ−அ−ஆ, அதாவது 0, பின்னதற்கு அ+ஆ−அ+ஆ, அதாவது 2ஆ. அந்த 2ஆ-வால்தான் கிளைன் பாட்டிலின் முதல் ஹோமாலஜியில் முழு எண்களோடு 2 உறுப்புள்ள குலமும் வந்து சேர்கிறது. இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் திசைக்குறி தப்பிவிட்டது. பெரிய கட்டுரைகளும் இங்கேதான் சறுக்கும்; இல்லையென்றால் "படத்திலிருந்து தெளிவு" என்று எழுதிய வரியில்.

நேர்வழி அடைபட்டால் சுற்றிப் போகவும் தெரிய வேண்டும். 11 குறுக்குகள் கொண்ட கான்வே முடிச்சு 'ஸ்லைஸ்' ஆகுமா, அதாவது நாற்பரிமாண உருண்டைக்குள் வழவழப்பான ஒரு தட்டின் ஓரமாக அமையுமா என்பது சுமார் 50 வருஷக் கேள்வியாக இருந்தது. ஸ்லைஸ் முடிச்சுக்கு ராஸ்முசன் எண் என்ற கணக்கு 0 தான் தரும்; கான்வே முடிச்சின்மேல் போட்டாலும் 0 வரும், அதனால் ஒன்றும் தெரியாது. லிசா பிச்சிரில்லோ மாணவியாக இருந்தபோது, அதே 'டிரேஸ்' (முடிச்சிலிருந்து கட்டும் நாற்பரிமாண வடிவம்; அது ஒன்றானால் இரண்டு முடிச்சும் ஸ்லைஸ் ஆகும், அல்லது இரண்டும் ஆகாது) உள்ள வேறொரு முடிச்சைக் கட்டி, அதில் அந்த எண் 0 இல்லை என்று காட்டி, 'ஆகாது' என முடித்தார். 2020-ல் அச்சானது.

போஸ்ட்டாக் விண்ணப்பமெல்லாம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். சேர்வது அடுத்த இலையுதிர் காலத்தில். பத்திரிகையில் ரெஃபரி (கட்டுரையைச் சரிபார்க்கும் வல்லுநர்) பார்த்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆகவே கட்டுரையை அக்டோபருக்குள், அச்சாகும் முன்பே கட்டுரைகளை வைக்கும் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். சிபாரிசுக் கடிதம் 3 அல்லது 4. ஒருமுறை கைகுலுக்கிய பெரிய மனிதரைவிட, உன் நிரூபணத்தை வரிவரியாகப் படித்தவர் எழுதுவதே எடுபடும்.

இன்னொன்று. கணிதத்தில் ஆசிரியர் பெயர்களைக் குடும்பப்பெயரின் அகரவரிசையில் போடுவார்கள். நமக்கோ இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, முதல் கட்டுரையிலிருந்தே ஒரே மாதிரி எழுது. மாற்றினால் தரவுத்தளத்தில் இரண்டு ஆளாகிவிடுவாய்.

அன்புடன்,
மாமா