வாளியை யார் வாங்கிக்கொள்வார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆறு, காடு, நிலம் காக்கப் போராடும் பழங்குடிப் பெண்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வழக்கு, ஊர்வலம், விருது எல்லாம் இருந்தது. அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. 31 வருடம் பிரசவ வார்டில் நர்சாக இருந்த எனக்கு அதுதான் உறுத்தியது.

காட்ஸி குக் என்ற மோஹாக் பழங்குடிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, கனடா எல்லையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள அக்வெசாஸ்னேயில் பிரசவம் பார்த்தவர். பக்கத்து ஆலைகளின் கழிவிலிருந்து பிசிபி என்ற ரசாயனம் ஆற்று மீனில் ஏறியது. கொழுப்பில் தங்கும் நஞ்சு அது. மீன் சாப்பிட்ட தாயின் பாலிலும் இறங்கும். 'என் பாலைக் கொடுக்கலாமா?' என்று தாய்மார்கள் கேட்டார்கள். 1980களில் அவர் தாய்ப்பால் திட்டத்தைத் தொடங்கி, ஆராய்ச்சியில் அந்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பாலைச் சோதிக்க வழி செய்தார். பெண்கள் மீனைக் குறைத்தார்கள். வருடங்கள் போகப் போக பாலில் பிசிபியும் குறைந்தது.

பிள்ளை பிறந்ததும் மார்பில் போடும்மா என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் நாக்கு தயங்கியதில்லை. அந்தக் கேள்வி என்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. மீனைக் குறை என்று வாயால் சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட மீன் அது. அதை விட்டால், பிள்ளையை ஆற்றுக்குக் கூட்டிப்போய் வலை போடச் சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்தே போய்விடும்.

லடோனா பிரேவ் புல் அல்லார்டையும் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஸ்டாண்டிங் ராக் என்ற பழங்குடிப் பகுதியில் எண்ணெய்க் குழாயை எதிர்த்தவர்களுக்கு 2016 ஏப்ரலில் தன் நிலத்தில் முகாம் போட இடம் கொடுத்தவர். 2021 ஏப்ரலில் மூளைப் புற்றுநோயில் இறந்தார். போராட்டத்தால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் நிற்கிற பெண் தன் வலியைக் கடைசியில்தான் வெளியே சொல்வாள். வார்டுப் பொறுப்பில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை 300ஐத் தாண்டியதை எட்டு மாதம் மறைத்தேன். நான் லீவு போட்டால் வார்டு என்னாகும் என்ற பயம். கால் புண் ஆறாமல் போன பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்காமல் இருக்க வழி அவர்களிடமே இருக்கிறது. அனிஷினாபே இனத்துப் பாட்டி ஜோசபின் மண்டமின், வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளின் தண்ணீருக்காக 2003இல் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். கையில் ஒரு செம்பு வாளி, அதில் தண்ணீர். பகல் முழுக்க அந்தத் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதனால் களைத்தவள் கையிலிருந்து அடுத்தவள் வாங்கிக்கொள்வாள், நடந்துகொண்டே. களைத்தவள் உட்காரலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2019இல் அவர் இறந்த பிறகும் பெண்கள் நடக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்தால், கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள், நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். அப்புறம், அவர் படுத்துவிட்டால் வாளியை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு, அந்தப் பெண்ணையும் படத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி