ஆண்டறிக்கை: இந்த வருடத்து காஸ்ட் ரெக்கார்டிங் வேலைகள்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் சங்கத்தின் நேரம் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் போனது: மேடை இசைநாடகங்களின் காஸ்ட் ரெக்கார்டிங்குகளை, அதாவது நாடகத்தில் நடித்தவர்களே பாடிய ஆல்பங்களை, இசைப் பதிவுகளின் விவரங்களைத் தொகுக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் இணையத் தரவுத்தளத்தில் சரிபார்த்து ஏற்றுவது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த ஆல்பத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த மேடையேற்றத்தின் பதிவு என்பதைத்தான். பெயரையும் பாடகர்களையும் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 'மை ஃபேர் லேடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நியூயார்க் பிராட்வே ஆல்பத்திலும் 1959 லண்டன் ஆல்பத்திலும் ரெக்ஸ் ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும்தான் பாடுகிறார்கள், ஆனால் முதலாவது மோனோ, இரண்டாவது ஸ்டீரியோவுக்காகப் புதிதாகப் பாடியது, அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் தரவுத்தளத்தில் இரண்டு தனித்தனி ரெக்கார்டிங் பதிவுகள் இருந்தே ஆக வேண்டும். 1964 திரைப்பட ஆல்பம் வேறு கணக்கு. அதில் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த பாத்திரத்துக்குப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன், அவர் பெயர் அங்கே விட்டுப்போகவே கூடாது.

'எவிட்டா' இன்னும் சுவாரசியம். 1976 ஆல்பம் வந்தபோது மேடையேற்றமே கிடையாது, ஜூலி கோவிங்டன் ஸ்டூடியோவில் பாடியது, அதே வேடத்தில் எலைன் பெய்ஜ் லண்டன் மேடைக்கு வந்தது 1978இல்தான். எனவே 1976 பதிவுக்கு 'ஒரிஜினல் காஸ்ட்' (முதல் மேடைக் குழு) என்ற அடையாளம் பொருந்தாது, அது கான்செப்ட் ஆல்பம், அதாவது மேடைக்கு முன்பே ஸ்டூடியோவில் உருவான ஆல்பம்.

இதற்கு நேர்மாறான சிக்கல் 'ஓக்லஹோமா!'. 1943இல் நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டுகளின் தொகுப்பாக வந்து, பிறகு எல்பி எனும் நீண்டநேரத் தட்டு, அப்புறம் சிடி என்று மாறி மாறி வெளியானது. வெளியீடுகள் பல, பாடியது ஒரே தடவை. ஆகவே ரெக்கார்டிங்கைப் பெருக்காமல் வெளியீடுகளை மட்டும் தனித்தனியாகச் சேர்த்து ஒரே குழுவில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உறையை நம்பாதீர்கள். தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்து, லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை (தட்டு அச்சான மூலத்தைக் காட்டும் எண்) படியுங்கள், அதிலும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு வெளியீடுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

கூட்டங்களில் அதிகம் சூடேறியது கலைஞர் பெயர் விவகாரத்தில்தான். இசையமைத்தவர், பாடல் எழுதியவர் பெயர்கள் படைப்போடும் (பாட்டுக்கான பதிவு), பாடியவர்கள் ரெக்கார்டிங்கோடும் இணைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லா ட்ராக்குக்கும் பொத்தாம்பொதுவாக 'காஸ்ட்' என்று போட்டுவிட்டுப் போகும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சின்ன வேடத்தில் வந்து நாலு வரி பாடியவரின் குரலுக்கு ஒருவேளை அந்த ஒரு தட்டுதான் சாட்சி, உள்ளுறையில் பொடி எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது, அதை எடுத்து எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பாத்திரத்தின் பெயரைப் பாடகர் இடத்தில் போடுவதையும் விட்டுவிடுவோம். நீண்ட பேச்சுக்குப் பிறகு இரண்டையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அடுத்த வருடம் மொழிமாறிய மேடையேற்றங்கள். 1980இல் பிரெஞ்சில் ஆல்பமாக வந்து 1985இல் லண்டனில் ஆங்கிலத்தில் மேடையேறிய 'லே மிசராப்ள்' நாடகத்திலிருந்து தொடங்கலாம், மொழிபெயர்த்த பாட்டைத் தனிப் படைப்பாக ஏற்றி மூலத்தோடு இணைக்க வேண்டும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். உள்ளுறைகளின் படங்கள் யாரிடம் இருந்தாலும் முதல் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவையுங்கள்.

செயலாளர்