உடன் வந்தவர் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தமிழ் காமிக்ஸ் வாசகர்களைப் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். இரும்புக்கை மாயாவி வந்தார், பழைய புத்தகக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலிப்பவர்கள் வந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் புத்தகத் திருவிழாவில் எடுத்த ஒரு படம். அதன் கீழே, "வாசகர்களும், உடன் வந்த குடும்பத்தினரும்."

இடது ஓரத்தில் மெரூன் சேலையில் குனிந்து நிற்கும் 'உடன் வந்த குடும்பத்தினர்' நான்தான். பக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்ற முகத்தோடு நிற்கிறாரே உங்கள் 'வாசகர்', அவர் என் வீட்டுக்காரர். அவர் முழுதாகப் பார்த்த ஒரே படக்கதை எங்கள் கல்யாண ஆல்பம். பைக்குள் இருந்த பதினோரு புத்தகமும் எனக்கு வாங்கியவை. படம் எடுத்த தம்பி எத்தனை வருடமாகப் படிக்கிறீர்கள் என்று கேட்டார், அதுவும் அவரைப் பார்த்துத்தான். இவரும் தலையாட்டி வைத்தார். அதற்கு வீட்டில் தனியாக விசாரணை நடந்து முடிந்துவிட்டது, அதை விடுங்கள்.

கட்டுரையில் ஒரு வரி: "பெண்கள் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை." எந்தக் கணக்கை வைத்து எழுதினீர்கள் என்று கேட்கமாட்டேன். அந்தக் கணக்கு எப்படித் தயாரானது என்று எனக்கே தெரியும்.

எங்கள் தெருமுனையில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அம்மாவுக்கு மாத நாவல் என்றால் என் கையில் தருவார் கடைக்காரர். காமிக்ஸ் கேட்டால், "அண்ணனை வரச் சொல்லு பாப்பா." ஒருவழியாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பெயரை நோட்டில் எழுதினோம். ஐந்து வருடம் அவன் தெருவில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான், நான் அவன் பெயரில் படித்துத் தீர்த்தேன். இன்றைக்கு அந்த நோட்டு உங்கள் கட்டுரையாளர் கையில் கிடைத்தால் அவர் சொன்னது நிரூபணமாகிவிடும். அதில் ஒரு பெண் பெயர்கூட இருக்காது.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். பெயரைச் சுருக்கி எழுதியிருந்தேன். 'செல்வன்' என்று முன்னால் சேர்த்து அச்சிட்டார்கள். வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

தாங்கள் அறியாததல்ல, 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் முதல் இதழ் வந்தபோது அதன் நாயகி மாடஸ்டி. ரசிகர்களான ஆண்களே இன்றைக்கும் 'இளவரசி' என்று கொண்டாடுகிற மாடஸ்டி. அவள் கூட்டாளி கார்வின் எவ்வளவு பெரிய கத்தி வீச்சுக்காரனாக இருந்தாலும் திட்டம் அவளுடையது, அவன் பின்னால் வருவான். நான்கு பக்கக் கட்டுரையில் அவளுக்கு அரை வரிகூட இல்லை. அவளையும் குடும்பத்தினர் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களோ என்னவோ.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மந்திரவாதி மாண்ட்ரேக் கதைகளை அத்தனை ஆசையாகப் படித்தவள் நான். அதில் லொதார் ஏழு நாடுகளின் இளவரசன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மந்திரவாதியின் பின்னால் வந்தவன். 1934இல் கதை தொடங்கியபோது சிறுத்தைத் தோலைச் சுற்றி, கொச்சையாகப் பேசவிட்டு, வேலைக்காரனாகத்தான் அவனை நிறுத்தியிருந்தார்கள். அறுபதுகளில்தான் அவனுக்கு ஒழுங்கான சட்டையும் ஒழுங்கான பேச்சும் கிடைத்தன. ஓர் இளவரசன் ஏன் படத்தின் ஓரத்திலேயே நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் படத்தின் ஓரத்தில் என்னைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். போனில் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள்தான் அவளுக்கு. அதில் அவள் வைத்திருப்பது பையன் பெயர். மைக்கைப் போடவேமாட்டாள். ஒரே ஒரு நாள் மறந்துபோய்ப் பேசிவிட்டாள். "போய்ச் சமையலைப் பார்" என்பதுதான் வந்ததிலேயே மரியாதையான பதில். என் அண்ணன் பெயரில் நான் படித்தேன், இல்லாத ஓர் அண்ணன் பெயரில் அவள் விளையாடுகிறாள். நாற்பது வருடத்து முன்னேற்றம்!

அவள்தான் சொன்னாள், 1986இல் நிண்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு விளையாட்டில் முழுக் கவசம் போட்ட ஒரு வீரர் வருவாராம். வேகமாக ஆடி முடித்தால் கடைசியில் கவசம் விலகும், உள்ளே இருப்பது பெண். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டில் ஆண் என்றே எழுதியிருந்தார்களாம். உங்கள் படவிளக்கத்துக்கு நல்ல முன்னோடி.

இன்னொரு குறையையும் கொட்டிவிடுகிறேன். 2023இல் கனடாவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வந்தது. அங்கே குடியேறிய ஒரு தமிழ் அம்மா சமைக்கும் கதை. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. இங்கேயும் அடுப்படிதானா என்று எனக்கு முதலில் எரிச்சல். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இட்லித் தட்டு அடுக்குவதையே ஒரு புதிராக வைத்திருக்கிறார்கள். எரிச்சல் போய்விட்டது. பிறகுதான் கவனித்தேன், வெண்பா அந்த அம்மாவின் பெயர். விளையாட்டுக்கே அவள் பெயர்தான். அது வந்தபோதும் விருது வாங்கியபோதும் உங்கள் பத்திரிகையில் தேடினேன். பெட்டிச் செய்திகூட இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரி: "சென்ற இதழ் மூன்றாம் பக்கப் படத்தில் இடது ஓரத்தில் இருப்பவர் வாசகி. பை வைத்திருப்பவர் அவருடன் வந்தவர்." அவரிடம் கேட்டுவிட்டேன், ஆட்சேபணை இல்லையாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்

பி.கு.: இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயருக்குப் பின்னால் 'இல்லத்தரசி' என்று போட வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன்.