ஐந்து யூரோ பனியன்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அங்கே கடையில் ஐந்து யூரோவுக்கு டி-ஷர்ட் தொங்குகிறது, லேபிளில் பங்களாதேஷ் என்று இருக்கிறது, இந்த விலைக்கு எப்படிம்மா கட்டுப்படியாகும் என்றாய். இருபது வருஷம் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகித் திருப்பூர் வந்தது 1991-ல். என் அம்மா, உன் அம்மிச்சி, தன் ஆயுசில் ஒரு நூறு ரூபாயைத் தன் காசு என்று கையில் வைத்திருந்ததில்லை. எனக்கோ சனிக்கிழமை தோறும் சம்பளக் கவர். பக்கத்து டேபிளில் ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வந்த பெண்கள் நின்றார்கள். மழை பொய்த்துப்போன ஊர்களில் அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் உலை கொதித்தது. இப்போது ஒடிசா, பீகார் பிள்ளைகள் அதே டேபிளில் நிற்கிறார்கள். உன் அப்பா ஓவர்லாக் டைலராக இருந்து, பத்து மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் எடுக்கும் அளவுக்கு வந்ததும் வெளிநாட்டு ஆர்டரால்தான். நீ படித்த படிப்பும் அதில் வந்ததுதான். அதனால் உலகமயமாக்கலை யாராவது மொத்தமாகத் திட்டினால் என்னால் சேர்ந்து திட்ட முடியாது.

ஆனால் என் அப்பாவின், அதாவது உன் அப்புச்சியின் தோட்டம் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பக்கம், ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி இருக்கிறது. 1992-ல் அந்த அணை வந்தபோது, இனி மஞ்சளும் வாழையும் வைக்கலாம் என்று அவர் போட்ட கணக்கெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது சாயப்பட்டறைக் கழிவைச் சுமந்துகொண்டுதான் அணைக்குப் போனது. சில வருஷத்திலேயே அது பாசன அணையாக இல்லாமல் சாயக் குட்டையாகிவிட்டது. தண்ணீர் திறந்து விடுங்கள் என்று கேட்கிற விவசாயிகளைத்தான் நாடு பார்த்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் திறந்து விடாதீர்கள் என்று கேட்டுப் போராடினார்கள். அப்புச்சி கிணற்றில் உப்பு ஏறி, சோப்பு போட்டால் நுரைக்காமல் போயிற்று. ஒரு வாரம் மெரூன் கலர் லாட் ஒன்றைச் செக்கிங் செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். நொய்யல் பாலத்துக்குக் கீழே அதே மெரூன் ஓடியது. அன்றைக்கு அம்மிச்சி ஊற்றிய காபியைக் குடிக்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உன் ஐந்து யூரோவுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. நூலுக்கு விலை போட்டார்கள், தையலுக்குப் போட்டார்கள், கப்பலுக்கும் போட்டார்கள். ஆற்றுக்கு யாரும் போடவில்லை. அந்தப் பங்கை அப்புச்சி கொடுத்தார்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே இருண்டு போன மாதிரி இருந்தது. பிறகு, கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து, அதே தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்றானது. நல்ல காரியம், முன்பே செய்திருக்க வேண்டியது. செலவு கூடியது. ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் மட்டும் பீஸுக்கு ஒரு சென்ட் கூட்டித் தர யோசித்தார். வேறு நாட்டில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்பார்.

அந்த 'வேறு நாடு' எப்படி என்பதை 2013 ஏப்ரல் 24 அன்று டிவியில் பார்த்தேன். டாக்கா பக்கம் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்திருக்கிறது. இருந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் என் டேபிள் பெண்கள் மாதிரியே இருந்தார்கள். அதற்கப்புறம்தான் பல வெளிநாட்டுக் கம்பெனிகள், கட்டிடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அப்படியானால் அவர்களால் முடியும், இல்லையா கண்ணு? கட்டிடத்துக்குப் போட்ட மாதிரி ஆற்றுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன? வியாபாரத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஆற்றின் பங்கையும் சட்டையின் விலையில் சேர் என்கிறேன்.

இந்தப் பக்கம் நமக்கும் பிடிமானம் குறைவுதான். 2020-ல் கொரோனா வந்தபோது தைத்து வைத்த ஆர்டரையே ரத்து செய்தார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும், அப்பா பாதி மெஷினுக்குத் துணி போட்டு மூடி வைத்தார். வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு, சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வந்த ஒடிசா பையன் ரயில் ஏறினான். அவனுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மாமா கிணற்றில் திரும்ப மோட்டார் போட்டிருக்கிறார். தென்னை நான்கு வைத்திருக்கிறார், மாட்டுக்குப் புல்லும் போட்டிருக்கிறார். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஆனால் கொடுக்கவில்லை. நீ தை மாதம் வரும்போது நாம் இரண்டு பேரும் போய் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரலாம்.

உன் அம்மா