குதிரைக்கு என்று சொல்லித்தான் வேலி கேட்டோம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நிலப் பராமரிப்பு, வேலி அமைப்புப் பிரிவு

பொருள்: சிங்கப்பூர் லிம் சூ காங் வட்டார மேய்ச்சல் திடலில் ஒப்பந்தப்படி முடிக்கப்படாத வேலை

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் லாயத்தை ஒட்டிப் புதர் மண்டிக் கிடந்த திடலைச் சுத்தம் செய்து வேலி போட்டுத் தரும் பொறுப்பை உங்கள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லி, மீதித் தொகைக்கு பில் அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் திடலில் இன்றுவரை குதிரையை அவிழ்த்துவிட முடியவில்லை. விட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குதிரை கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடிய பந்தயக் குதிரை. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த பிறகு எங்களிடம் வந்தது. இனியாவது நாலு கால் பாய்ச்சலில் ஓடாமல் நிம்மதியாக மேயட்டும் என்றுதான் இந்தத் திடலையே தயார் செய்யச் சொன்னோம். இடத்தைப் பார்க்க வந்த உங்கள் மேற்பார்வையாளரிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். கொட்டேஷனிலும் ‘குதிரைக்கான மரவேலி’ என்றே எழுதியிருக்கிறது.

முதலில் அரளியைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் போனது அதனால்தான். திடலின் ஓரமாக முன்பு யாரோ நட்ட அரளிச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. அவற்றை வெட்டியவர்கள், வாயிலுக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அரளி இலை கொஞ்சம் உள்ளே போனாலே குதிரையின் இதயம் நின்றுவிடும். வாடினாலும் காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. பச்சையாக இருக்கும்போது கசப்பு தெரிந்து ஒதுக்குகிற குதிரை, வாடிய தழையைத் தின்றுவிடக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இடத்தைப் பழக்கலாம் என்று வாயில்வரை கூட்டிப்போனேன். கழுத்தை நீட்டி, உதட்டால் ஒரு கிளையைத் துழாவ ஆரம்பித்துவிட்டது. கிளையில் இளஞ்சிவப்புப் பூக்கள் இன்னும் உதிராமல் இருந்தன. கயிற்றைச் சுண்டி இழுத்துத் திருப்பிவிட்டேன். ஒரு வாய் தின்றிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அதே குவியலில் உண்ணிச்செடியும் கிடக்கிறது, அது ஈரலைக் கெடுக்கும்.

அப்புறம் வேலி. மூன்று பக்கம் மரச்சட்டம் அடித்தவர்கள், பின்பக்கம் முழுக்க முள்கம்பி இழுத்திருக்கிறார்கள். எங்களைக் கேட்காமல் ஏன் மாற்றினீர்கள்? மாடு முள் குத்தினால் பின்வாங்கும். குதிரை மிரண்டால் கண்மண் தெரியாமல் பாயும். கால் சிக்கினால் உதறி உதறி, தோலும் தசையும் கிழிந்து எலும்பு தெரிகிற அளவுக்கு இழுத்துக்கொள்ளும். புக்கித் தீமாவில் பந்தயத் திடல் இருந்த காலத்தில் என் தந்தை அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். குதிரை நிற்கிற இடத்தில் முள்கம்பித் துண்டுகூடக் கிடக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு.

மரச்சட்டங்களையும் கம்பங்களுக்கு வெளிப்பக்கமாக அடித்திருக்கிறீர்கள். குதிரை வேலியில் சாய்ந்து முதுகைத் தேய்க்கும். உள்பக்கம் அடித்திருந்தால் அந்தப் பாரத்தைக் கம்பம் தாங்கும். இப்போது சாய்ந்தால் ஆணி கழன்று சட்டம் வெளியே விழும், குதிரை சாலைக்குப் போய்விடும். இரண்டு மூலைக் கம்பங்கள் கையால் தள்ளினாலே ஆடுகின்றன. பருவமழையில் மண் இளகினால் நிற்காது.

வேர் இருந்தால் மறுபடி முளைக்கும் களையான லாலாங் புல்லை வேரோடு எடுப்பதாகச் சொல்லிவிட்டு மேலாக வெட்டியிருக்கிறீர்கள். இப்போதே ஊசி ஊசியாகத் துளிர் விட்டுவிட்டது. வெட்டிய புல்லுக்குள் ஆணிகளும் கம்பித் துண்டுகளும் கிடக்கின்றன. குளம்பில் ஒன்று ஏறினால் போதும், நொண்டியாகிவிடும். தவறுதலாகத் தோண்டிய குழிகளை மூடாததால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஏடிஸ் கொசு பெருகினால் அபராதம் கட்ட வேண்டியது நாங்கள்.

வெயிலில் நின்று உழைத்த ஊழியர்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வெட்டச் சொன்னதை வெட்டினார்கள். எதற்காக இந்த வேலை என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் அனுப்பியது உங்கள் அலுவலகம்தான்.

வெட்டிய செடிகள் அனைத்தையும் உடனே அள்ளிச் செல்ல வேண்டும். இது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் முள்கம்பியை எடுத்துவிட்டு மரச்சட்டம் போட்டு, மற்ற பக்கங்களின் சட்டங்களை உள்பக்கம் மாற்றி அடித்து, ஆடும் கம்பங்களை ஆழமாக நட்டு, குழிகளை மூடி, லாலாங் வேரை எடுக்க வேண்டும். கடைசியாகத் திடல் முழுக்கக் காந்தம் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வேண்டும். கூடுதல் கட்டணம் எதுவும் தரமாட்டோம். நாங்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மீதித் தொகை.

இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடுவோம். அதிலும் சரிவராவிட்டால், எங்கள் தொகை 20,000 வெள்ளி வரம்புக்குள் இருப்பதால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவோம். கொட்டேஷனின் நகலும் படங்களும் இணைத்துள்ளேன்.

ஆட்களை அனுப்பும்போது மேற்பார்வையாளரும் கூடவே வரட்டும். காலை எட்டு மணிக்கு மேல் லாயத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
லாயப் பொறுப்பாளர்
லிம் சூ காங், சிங்கப்பூர்